நாளிதழுக்கு முதல் கட்டுரை: மனுத் தமிழிலிருந்து தப்பிப்பது எப்படி?

சிவகங்கைப் பக்கம் ஒரு தாலுகா அலுவலகத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, வாரிசுச் சான்று என்று ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு மனுவாவது தட்டச்சு செய்து கொடுப்பேன். எழுத்து நமக்குப் பழகியதுதானே என்ற தைரியத்தில், வயலுக்குத் தண்ணீர் தேக்கி வைக்கும் எங்கள் ஊர்க் கண்மாயைப் பற்றி ஒரு நாளிதழின் நடுப்பக்கத்துக்குக் கட்டுரை எழுதி அனுப்பினேன். 2,400 சொற்கள். பதில் இல்லை. இன்னொரு நாளிதழுக்கு அனுப்பினேன். அங்கும் இல்லை. மூன்றாவது முறை ஒரு உதவி ஆசிரியர் போனில் கூப்பிட்டார்.

"சார், விஷயம் இருக்கு. ஆனா கண்மாய் எந்த மாவட்டத்துல இருக்குன்னே ஆறாவது பத்தியிலதான் தெரியுது. அதுவரைக்கும் யார் சார் படிப்பாங்க?"

கடைசியில் 640 சொற்களில் அது அச்சானது. முதலில் அனுப்பியது ஒரு ஜனவரியில். வெளியானது அடுத்த வருடம் செப்டம்பரில். அந்த இருபது மாதத்தில் நான் செய்த தப்புகளை நீங்களும் செய்ய வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். உங்கள் விஷயம் கண்மாயாக இருக்க வேண்டியதில்லை. பேருந்து நிற்காத நிறுத்தம், டாக்டர் வராத சுகாதார நிலையம், பள்ளிக் கழிப்பறை, எதுவானாலும் வழி ஏறக்குறைய இதேதான்.

1. எந்தப் பக்கத்துக்கு என்று முதலில் முடிவு செய்யுங்கள்

வெளியாள் எழுத நாளிதழில் கிடைக்கும் இடம் கொஞ்சம்தான்: வாசகர் கடிதம், நடுப்பக்கம், ஞாயிறு போன்ற நாள்களில் வரும் இணைப்பிதழ். "தெருவிளக்கு எரியவில்லை" என்பது கடிதத்துக்குப் போதும். அதை நடுப்பக்கக் கட்டுரையாக இழுத்தால் இரண்டிலும் வராது.

அளவு ஒவ்வொரு நாளிதழுக்கும் வேறுபடும், பக்க வடிவமைப்பு மாறினால் அதுவும் மாறும். அதனால் யார் சொல்வதையும் நம்பாமல் நீங்களே எண்ணிப் பாருங்கள். ஊர் நூலகத்தில் ஒரு வாரப் பேப்பரை எடுத்து வைத்துக்கொண்டு, நீங்கள் குறி வைக்கும் பகுதியில் ஐந்து வரிக்கு எத்தனை சொல், மொத்தம் எத்தனை வரி என்று பார்த்தால் பத்து நிமிடத்தில் கணக்கு கிடைத்துவிடும். செலவு இல்லை. இதைச் செய்யாமல் 2,400 சொல் அனுப்பியவன் நான்.

இன்னொன்று. ஆங்கிலப் பேப்பரில் ஆயிரம் சொல் வருகிறதே, நமக்கும் வராதா என்று நினைக்காதீர்கள். "போய்க்கொண்டிருந்தவர்களுக்கும்" என்பது தமிழில் ஒரே சொல். அச்சில் பாதி வரியை அடைத்துக்கொள்ளும்.

2. டீக்கடையில் ஒரு வரியில் சொல்லிப் பாருங்கள்

எழுத உட்காரும் முன், விஷயம் தெரியாத ஒருவரிடம் வாயால் சொல்லுங்கள். "என்னப்பா எழுதப் போற?" என்று கேட்டால் ஒரே மூச்சில் பதில் வர வேண்டும். நான் முதலில் சொன்ன பதில் "நீர்நிலைகளின் இன்றைய நிலை பற்றி". டீக்கடைக்காரர் "ஓகோ" என்று சொல்லிவிட்டுப் பாலைப் பார்க்கப் போய்விட்டார். பிறகு ஒருநாள் "கண்மாய்க்குத் தண்ணி வர்ற காலுக்குள்ள தென்னந்தோப்பு நிக்குது, அதான் மழை பெஞ்சும் நிரம்பல" என்றேன். "எவன் வச்சது?" என்று கேட்டார். அடுத்த கேள்வி வந்துவிட்டால் உங்களிடம் கட்டுரை இருக்கிறது என்று அர்த்தம்.

அந்த ஒரு வரியை ஒரு சீட்டில் எழுதி மேசையில் ஒட்டி வையுங்கள். அதோடு ஒட்டாத பத்தி எவ்வளவு அழகாக இருந்தாலும் வெளியே போக வேண்டும்.

3. காகிதங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள்

நேரமும் காசும் போவது இங்கேதான். "ஊரில் எல்லோருக்கும் தெரியும்" என்பதை ஆசிரியர் குழு ஏற்காது. ஏற்கவும் கூடாது. கண்மாய் விஷயத்தில் எனக்குத் தேவைப்பட்டவை இவை: நிலம் யார் பெயரில், என்ன வகைப்பாட்டில் இருக்கிறது என்று காட்டும் அ-பதிவேடு, எல்லையைக் காட்டும் புல வரைபடம், கண்மாய் எந்தத் துறையின் பொறுப்பு என்பதற்கான ஆதாரம், கடைசியாக எப்போது, எவ்வளவு செலவில் தூர்வாரினார்கள் என்ற விவரம்.

முதல் இரண்டையும் தமிழ்நாடு அரசின் நிலப் பதிவேட்டு இணையதளத்தில் சர்வே எண்ணைக் கொடுத்துப் பார்க்கலாம். ஐந்து நிமிட வேலை. சர்வே எண் தெரியாவிட்டால் கிராம நிர்வாக அலுவலரிடம் கேளுங்கள். உட்பிரிவு எண்ணையும் சேர்த்துக் கேளுங்கள், இல்லாவிட்டால் பக்கத்து வயலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள்.

மூன்றாவதில் நான் நன்றாகச் சறுக்கினேன். பொதுவாக 40 ஹெக்டேர், அதாவது சுமார் 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு (அதன் தண்ணீரில் பாசனம் பெறும் நிலம்) உள்ள கண்மாய் நீர்வளத் துறையிடம் இருக்கும். அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம். எங்கள் கண்மாய் முதல் வகை. எனக்கு அது தெரியாமல், முதல் கட்டுரை முழுக்க ஒன்றிய அலுவலகத்தைத் திட்டித் தீர்த்திருந்தேன். நல்ல வேளை, அச்சாகவில்லை.

நான்காவதுக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005. செலவு, கால விவரம் இது:

விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய். தமிழ்நாட்டில் மனுவிலேயே 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிவிடலாம். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை, அதற்கான சான்றை இணைத்தால் போதும். நகலுக்கு ஒரு பக்கத்துக்கு 2 ரூபாய். 30 நாளில் பதில் தர வேண்டும். தவறான அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டால், அவர்களே 5 நாளுக்குள் சரியான அலுவலகத்துக்கு மாற்றி அனுப்ப வேண்டும் என்பதும் சட்டத்தில் இருக்கிறது. பதில் வராவிட்டாலோ திருப்தி இல்லை என்றாலோ 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதிலும் சரிவரவில்லை என்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு.

தாள், தபால், ஒப்புகை அட்டை எல்லாம் சேர்த்து எனக்கு 150 ரூபாய்கூட ஆகவில்லை. போனது நாள்தான். ஒரு மேல்முறையீட்டோடு மூன்று மாதம். அதனால் காகிதம் தேவைப்படும் கட்டுரை என்றால், வெளிவர வேண்டிய மாதத்துக்கு நான்கு மாதம் முன்பே மனுவைப் போட்டுவிடுங்கள்.

கேட்கும் விதத்திலும் ஒரு பொறி இருக்கிறது. "ஏன் தூர்வாரவில்லை?" என்று கேட்டால் "கேள்விக்குப் பதில் அளிக்க இச்சட்டத்தில் இடமில்லை" என்று திருப்பிவிடுவார்கள். சட்டம் தருவது அலுவலகத்தில் ஏற்கெனவே இருக்கும் பதிவை. ஆகவே "2015 முதல் இன்று வரை இக்கண்மாயில் நடந்த பராமரிப்புப் பணிகளின் மதிப்பீட்டு நகலும் பணி முடிப்புச் சான்று நகலும்" என்று ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். வாழ்நாளில் நான் எழுதிய மனுக்களிலேயே சுருக்கமானது அந்த இரண்டாவது மனுதான். பதிலும் வந்தது.

4. முதல் பத்தியில் ஊரைச் சொல்லிவிடுங்கள்

என் முதல் கட்டுரை ஒரு குறளோடு தொடங்கியது. தண்ணீர் என்றால் எந்தக் குறள் என்று உங்களுக்கே தெரியும். உதவி ஆசிரியர் சிரித்துக்கொண்டே சொன்னார், தண்ணீர் பற்றி அவருக்கு வரும் கட்டுரைகளில் பாதிக்கு அதுதான் முதல் வரியாம். இரண்டாம் பத்தியில் பாண்டியர் காலம், மூன்றாவதில் வெள்ளைக்காரர் காலம், நான்காவதில் என் தாத்தா. ஆறாவதில் சிவகங்கை மாவட்டம்.

பேப்பர் படிப்பவர் எப்படிப் படிக்கிறார் என்று ஒருநாள் காலையில் நின்று பாருங்கள். பேருந்து வரும்வரை, டீ ஆறும்வரை, பக்கத்தில் இருப்பவர் "அந்த நடுத்தாளக் குடுங்க" என்று கேட்கும்வரை. எந்த வரியிலும் அவர் எழுந்து போய்விடலாம். முதல் இரண்டு பத்தியோடு போனாலும் விஷயம் அவரிடம் சேர்ந்திருக்க வேண்டும்.

எங்கே, என்ன, யாருக்குப் பாதிப்பு, எவ்வளவு, எப்போதிலிருந்து. இந்த ஐந்தும் முதல் 60 சொல்லுக்குள் வந்துவிட்டால் பிறகு தாத்தாவைக் கூப்பிடலாம். பக்கத்தில் இடம் போதாவிட்டால் பெரும்பாலும் கடைசியிலிருந்துதான் வெட்டுவார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். உச்சக்கட்டத்தை முடிவுக்கு என்று சேர்த்து வைக்காதீர்கள். என் கட்டுரையில் நான் மிகவும் ரசித்து எழுதிய கடைசிப் பத்தி அச்சில் இல்லவே இல்லை.

5. மனுத் தமிழைக் களையெடுங்கள்

என் பெரிய நோய் இதுதான். இருபது வருடம் மனு தட்டியவன் கையில் "மேற்படி", "எனவே தாங்கள்", "ஆவன செய்யுமாறு" என்று தானாகவே வந்து விழும். நீங்கள் மனு எழுதாவிட்டாலும், அரசு அறிக்கை படித்துப் படித்து இந்த நோய் உங்களுக்கும் இருக்கலாம். என் முதல் வடிவத்திலிருந்து ஒரு வாக்கியம், ஊர்ப் பெயரை எடுத்துவிட்டு:

"எமது கிராமத்தில் அமையப்பெற்றுள்ள பெரிய கண்மாயானது பன்னெடுங்காலமாகப் பராமரிப்புப் பணிகள் ஏதும் மேற்கொள்ளப்படாத நிலையில், அதன் வரத்துக்காலில் ஆக்கிரமிப்புகள் ஏற்பட்டுள்ளதன் காரணமாக நீர்வரத்து தடைப்பட்டு, அதனை நம்பியுள்ள விவசாயப் பெருங்குடி மக்கள் சொல்லொணாத் துயரத்திற்கு ஆளாகியுள்ளனர் என்பது வேதனைக்குரியதாகும்."

அச்சான வடிவம் (எண்களை மாற்றியிருக்கிறேன்):

"சிவகங்கை மாவட்டத்தில் உள்ள எங்கள் ஊர்ப் பெரிய கண்மாய் இந்த மழைக்கும் நிரம்பவில்லை. அதற்குத் தண்ணீர் கொண்டுவரும் கால்வாய் 3 கிலோமீட்டர். அதில் 400 மீட்டருக்கு இப்போது தென்னை நிற்கிறது. கண்மாயை நம்பி 120 ஏக்கர் வயல் இருக்கிறது. நான்கு ஆண்டுகளாகப் பாதியில்கூட நடவு நடக்கவில்லை."

"சொல்லொணாத் துயரம்" எங்கே போனது என்று கேட்கலாம். 120 ஏக்கருக்குள் இருக்கிறது. விவசாயம் தெரிந்தவர் அந்த எண்ணைப் பார்த்ததும் புரிந்துகொள்வார், தெரியாதவருக்கும் "துயரம்" என்ற சொல்லைவிட அது கனமாகவே விழும்.

களை எடுக்கும்போது நான் தேடும் சில செடிகள்:

"மேற்கொள்ளப்பட்டு வருகிறது" என்றால் "நடக்கிறது". "செயல்பாட்டுக்குக் கொண்டுவரப்பட்டது" என்றால் "தொடங்கியது". "இயலாத நிலை காணப்படுகிறது" என்றால் "முடியவில்லை". இவை ஒவ்வொன்றிலும் ஒன்றிரண்டு சொல் மிச்சம். ஒரு கட்டுரையில் ஐம்பது இடத்தில் செய்தால் ஒரு பத்திக்கு இடம் கிடைத்துவிடும்.

"படு" வருகிற இடத்தில் எல்லாம் நின்று "யாரால்?" என்று கேளுங்கள். "கால்வாய் ஆக்கிரமிக்கப்பட்டுள்ளது" என்பது சவுகரியமான வாக்கியம், அதில் ஆளே இல்லை. யார் என்று ஆவணத்தோடு தெரிந்தால் எழுதுங்கள். தெரியாவிட்டால் "யார் நட்டது என்று துறையின் பதிலில் இல்லை" என்று எழுதுங்கள். அதுவும் ஒரு தகவல்தான்.

நம் மொழியில் வினை கடைசியில்தான் வரும். அதனால் எழுவாய்க்கும் வினைக்கும் நடுவே இருபது சொல்லை அடைத்தால், வாசகர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், மூச்சு வாங்கும் இடத்தில் வாக்கியத்தை உடையுங்கள். நான் 12 சொல்லுக்கு மேல் போனால் சந்தேகப்படுவேன். இது விதி இல்லை, என் பயம்.

அப்புறம், எதிர்மறை. "எல்லாக் கண்மாய்களும் தூர்வாரப்படவில்லை" என்று எழுதியிருந்தேன். ஒன்றுகூடத் தூர்வாரவில்லையா, சிலதை மட்டும் விட்டுவிட்டார்களா? இரண்டு விதமாகவும் படிக்கலாம். "ஒரு கண்மாயும் தூர்வாரப்படவில்லை" அல்லது "சில கண்மாய்கள் மட்டும் தூர்வாரப்படவில்லை" என்று திட்டமாகச் சொல்லுங்கள். இந்த மாதிரி வாக்கியத்தைத்தான் மறுநாள் துறையிலிருந்து மறுப்பு அனுப்பிக் கிழிப்பார்கள்.

ஒற்றுப்பிழையை "அதைப் பிழை திருத்துபவர் பார்த்துக்கொள்வார்" என்று விடாதீர்கள். தந்த பலகை என்றால் யாரோ கொடுத்த பலகை, தந்தப் பலகை என்றால் யானைத் தந்தம். ஒரு பக்கத்தில் பத்துப் பிழை இருந்தால், உங்கள் எண்களையும் ஆசிரியர் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்.

6. "நேற்று" வேண்டாம், தேதி போடுங்கள்

நீங்கள் எழுதும் நாளுக்கும் அச்சாகும் நாளுக்கும் நடுவே ஒரு நாள் இருக்கலாம், இரண்டு மாதமும் இருக்கலாம். "நேற்று", "கடந்த வாரம்", "இந்த மாதம்" எல்லாம் அதற்குள் பொய்யாகிவிடும். நாள், மாதம், ஆண்டு மூன்றையும் எழுதுங்கள்.

7. எண்ணைப் படிப்பவருக்குப் பழகிய அளவில் கொடுங்கள்

துறை தரும் பதிலில் "48.56 ஹெக்டேர்" என்று இருக்கும். எங்கள் பக்கம் யாரும் ஹெக்டேரில் வயல் வாங்குவதில்லை. 2.47 ஆல் பெருக்கினால் 120 ஏக்கர். அப்படியே எழுதுங்கள். "இத்தனை கால்பந்து மைதானம் அளவு" என்று சிலர் எழுதுகிறார்கள். எங்கள் ஊரில் கால்பந்து மைதானத்தை வைத்து நிலம் அளந்த ஆளை நான் பார்த்ததில்லை.

அணை என்றால் அடிக்கணக்கு மக்கள் வாயில் இருக்கிறது. வைகை 71, மேட்டூர் 120. டி.எம்.சி. என்றால் முழி பிதுங்கும். 1 டி.எம்.சி. என்பது 100 கோடி கன அடி. விநாடிக்கு 10,000 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினாலும் ஒரு டி.எம்.சி. ஆகாது, 0.864 தான் வரும். இப்படி ஒருமுறை அவிழ்த்துக் காட்டிவிட்டால், அப்புறம் கட்டுரை முழுக்க தைரியமாக டி.எம்.சி. என்றே எழுதலாம்.

சதவீதத்தில் கவனம். 5 சதவீதம் 10 சதவீதமானால் அது 5 சதவீத உயர்வு இல்லை, இரண்டு மடங்கு. குழப்பம் என்று தோன்றினால் "நூற்றுக்கு 5 பேராக இருந்தது 10 பேரானது" என்று எழுதிவிடுங்கள். ஒரு பத்தியில் மூன்று எண்ணுக்கு மேல் வைக்காதீர்கள். நிறைய இருந்தால் தனியாகப் பெட்டிச் செய்தியாகக் கொடுக்கலாம், வடிவமைப்பாளருக்கும் அது பிடிக்கும்.

8. ஊர்ச் சொல்லை விட வேண்டாம், ஒருமுறை விளக்கினால் போதும்

எனக்குக் கலுங்கு, மடை, வரத்துக்கால் எல்லாம் பிறந்ததிலிருந்து தெரியும். சென்னையில் இருந்த உதவி ஆசிரியருக்குக் கலுங்கு தெரியவில்லை. கண்மாயை அவர் ஏரி என்று மாற்றப் பார்த்தார், நான் விடவில்லை. "கண்மாய் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து போகும் கலுங்கு" என்று வாக்கியத்துக்குள்ளேயே விளக்கத்தை வைத்துவிட்டோம். இரண்டு பேருக்கும் சந்தோஷம். அடைப்புக்குறிக்குள் அகராதி போல எழுதுவதைவிட இது நன்றாக ஓடும். துறைச் சொற்களுக்கும் இதே வழிதான். ஆனால் ஒரு பத்தியில் ஒரு புதுச் சொல் போதும்.

9. வெட்டுங்கள், ஒரு ராத்திரி விட்டு மறுபடி வெட்டுங்கள்

2,400 இலிருந்து 640 க்கு எப்படி வந்தேன்? வரலாறு போனதில் 700. என் உணர்ச்சிகள் போனதில் 400. ஒரே விஷயத்தை மூன்று முறை சொல்லியிருந்ததில் இன்னொரு 300. "அரசு உடனடியாக நடவடிக்கை எடுக்க வேண்டும்" என்று நான்கு இடத்தில் கெஞ்சியிருந்தேன், எல்லாம் போயின. அதற்குப் பதிலாக என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வாக்கியம்: 2007 ஆம் ஆண்டு ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டப்படி கால்வாயை அளந்து எல்லைக்கல் நட வேண்டும். மிச்சக் குறைப்பு முழுக்கக் களையெடுப்பில் வந்தது.

வெட்டியதைத் தூக்கிப் போடாதீர்கள். இன்னொரு கோப்பில் வையுங்கள், இன்னொரு கட்டுரைக்கு ஆகும். எனக்குத் தாத்தா இன்னும் மிச்சம் இருக்கிறார்.

10. வழக்கு வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்

"கூறப்படுகிறது" என்று சேர்த்துவிட்டால் பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. யாரோ சொன்ன அவதூறைத் திருப்பிச் சொன்னாலும் பொறுப்பு உங்களுக்கும் உண்டு. 1.7.2024 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அவதூறு என்பது பிரிவு 356. இரண்டு ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடம் இருக்கிறது. உண்மை என்பது மட்டும் போதாது, பொது நன்மைக்காகச் சொன்னதாகவும் இருக்க வேண்டும். அதனால் ஆளைப் பற்றி எழுதுவதைவிட நிலத்தைப் பற்றி எழுதுங்கள். எத்தனை மீட்டர், எந்த சர்வே எண், பதிவேட்டில் என்ன வகைப்பாடு. பெயர் போட்டே ஆக வேண்டும் என்றால், அந்த ஆளிடம் பேசி அவர் தரப்பையும் ஒரு வரியாவது சேர்த்துவிடுங்கள். பேச மறுத்தால் எந்தத் தேதியில் கேட்டீர்கள் என்று குறித்து வையுங்கள்.

பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் பெயரோ, ஊர், பள்ளி, உறவு என்று அடையாளம் தெரியும் எதுவுமோ எழுதவே கூடாது. குழந்தைகள் விஷயத்தில் இன்னும் கறாராக இருங்கள்.

11. அனுப்பும்போது

முதல் முறை நான் அனுப்பிய கோப்பை யாரும் படிக்கவே இல்லை என்று பின்னால்தான் புரிந்தது. கடையில் பழக்கப்படி வானவில் என்ற பழைய எழுத்துருவில் தட்டியிருந்தேன். அவர்கள் கணினியில் அது வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிந்திருக்கும். எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடில் தட்டுங்கள். பழைய கோப்பு என்றால் மாற்றி மென்பொருளில் போட்டு மாற்றலாம், ஆனால் மாற்றியதும் கொம்பும் காலும் சரியாக இருக்கின்றனவா என்று ஒருமுறை முழுக்கப் படியுங்கள். பி.டி.எஃப். அனுப்பாதீர்கள், அதிலிருந்து எழுத்தை எடுப்பது அவர்களுக்குத் தலைவலி. வேர்டு கோப்பு ஒன்று, அதே கட்டுரை மின்னஞ்சலின் உடலிலும்.

மின்னஞ்சல் தலைப்பில் "நடுப்பக்கத்துக்கு: சிவகங்கைக் கண்மாய் ஆக்கிரமிப்பு, 640 சொற்கள்" என்று எழுதினால் திறக்காமலே விஷயம் தெரியும். உள்ளே உங்களைப் பற்றி இரண்டு வரி, முழு முகவரி, கைபேசி எண், எந்தெந்த ஆவணம் கையில் இருக்கிறது என்ற பட்டியல். ஆவணங்களைக் கேட்டால் மட்டும் அனுப்புங்கள். சன்மானம் தரும் நாளிதழ் என்றால் வங்கிக் கணக்கு விவரமும் பான் எண்ணும் பின்னால் கேட்பார்கள். முதல் மின்னஞ்சலிலேயே அதைத் தூக்கி வைக்க வேண்டியதில்லை. எல்லா நாளிதழும் தருவதில்லை, தருவதும் உடனே வராது.

படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் சுருங்கிவிடும். மூலக் கோப்பை மின்னஞ்சலில் இணையுங்கள். யார், எந்தத் தேதியில், எந்த இடத்தில் எடுத்தது என்று கீழே எழுதுங்கள். படம் கட்டுரைக்கு எதிராகச் சாட்சி சொல்லாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். ஜனவரியில் நான் அனுப்பிய பழைய படத்தில் கண்மாய் தளும்பிக்கொண்டிருந்தது. அதை எடுத்த வருடம் அப்படி ஒரு மழை.

ஒரே நேரத்தில் ஒரே நாளிதழுக்குத்தான் அனுப்ப வேண்டும். முகநூலில் போட்டுவிட்டு அனுப்பினாலும் பெரும்பாலும் எடுக்க மாட்டார்கள்.

12. காலம் பார்த்து அனுப்புங்கள், பிறகு காத்திருங்கள்

கண்மாய்க் கட்டுரைக்கு நல்ல நேரம் கோடையும், வடகிழக்குப் பருவமழைக்கு முந்தைய செப்டம்பரும். இல்லாவிட்டால் ஒரு தேதியோடு கட்டுங்கள். தமிழ்நாட்டில் கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆறு நாள் கூடுகிறது. மார்ச் 22 உலகத் தண்ணீர் தினமும்கூட. தேதிக்கு மூன்று வாரம் முன்பே கட்டுரை போய்ச் சேர்ந்திருக்க வேண்டும், அன்று காலையில் அனுப்புவதில் பயனில்லை.

இரண்டு வாரம் பொறுத்து ஒரு நினைவூட்டல் அனுப்பலாம். போன் செய்வதாக இருந்தால் முற்பகலில் செய்யுங்கள். மாலை பக்கம் முடிக்கும் நேரம், அப்போது கூப்பிட்டால் யாருக்கும் நல்ல வார்த்தை வராது. இன்னொரு பத்து நாளிலும் பதில் இல்லை என்றால், "திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்" என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த நாளிதழுக்குப் போங்கள். அந்த ஒரு வரியை எழுதாமல் போனதால், பின்னால் ஒரு சங்கடம் வந்து மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது.

அவர்கள் கூப்பிட்டால் அது பெரும்பாலும் சரிபார்க்கத்தான். ஃபைல் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும். தலைப்பை அவர்கள்தான் வைப்பார்கள், சண்டை போடாதீர்கள். ஆனால் திருத்தியதில் பொருள் மாறியிருந்தால் தயங்காமல் சொல்லுங்கள்.

13. வெளியான பிறகு

பிழை இருந்தால் அன்றே தெரிவியுங்கள், திருத்தம் போடுவார்கள். ஆவணங்களை உடனே பரணில் போட்டுவிடாதீர்கள். கட்டுரையால் பாதிக்கப்பட்டதாக நினைப்பவர் நாளிதழ் மீது இந்தியப் பத்திரிகை கவுன்சிலில் புகார் கொடுக்க இரண்டு மாத அவகாசம் இருக்கிறது. அவதூறுக்கான குற்றவியல் வழக்குக்குக் காலவரம்பு மூன்று ஆண்டு. ஃபைலை அதுவரையாவது பத்திரமாக வையுங்கள்.

எந்த நாள் வரும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள், அதனால் ஏஜெண்டிடம் கூடுதல் பிரதிக்குச் சொல்லி வைக்கவும் முடியாது. எனக்கு டீக்கடைக்காரர்தான் காலை ஆறரைக்குப் போன் செய்தார். நான் போவதற்குள் பேப்பரின் நடுத்தாள் நான்கு மேசை சுற்றி வந்து, கண்மாய்ப் படத்தின் மேல் டீக்கறையோடு இருந்தது. அந்தத் தாளைத்தான் கடையில் ஒட்டி வைத்திருக்கிறேன்.